அண்ணாவின் அப்பா

எனக்கு எட்டு வயது நடக்கும்போதே எங்கள் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் அப்பா.

அப்போது நாங்கள் திருகோணமலையில் இருந்தோம். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அந்தச் சின்ன நகரத்திலேயே பிறந்து, அங்கேயே படித்து, பதினெட்டு வயதில் டிப்போவுக்குள் போனவர். மெல்பேர்னில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் போனது. மருத்துவப் பரிசோதனையில் அண்ணாவின் பைல் நின்றுவிட்டது.

அண்ணா என்னைவிட மூன்று வயது மூத்தவன். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் அவனைப் பற்றிப் பேசும்போது 'அவர்' என்று வாயில் வராது. பிறக்கும்போது மூச்செடுக்கப் பிந்திவிட்டது என்று அம்மா சொல்லுவா. நடப்பான், சாப்பிடுவான், சிரிப்பான். பேச்சு இருபது முப்பது சொல்லோடு நின்றுவிட்டது. அப்பா, அம்மா, பஸ், இன்னும், வேண்டாம், வாழைப்பழம், சுடுது. என்னைத் 'தங்கை' என்பான். அதற்கு மேல் வளராது என்று கொழும்பு டொக்டர் சொல்லியிருந்தார்.

கொழும்பில் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். அவர் பைலைப் புரட்டிவிட்டு, ஒரு நல்ல யோசனை சொல்கிறவரைப் போலக் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்.

"மூண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை. மகனை இஞ்ச கன்னியாஸ்திரிகள் நடத்துற ஒரு இல்லத்தில விடலாம். நல்லாப் பாப்பினம். நீங்கள் போய் நிண்டுகொண்டு பிறகு கூப்பிடலாம்தானே."

அப்பா எழும்பினார். பிறகு பைலைத் திருப்பி வாங்கினார்.

"நாலு பேரும் எண்டால் போவம். இல்லாட்டி இல்லை."

அவ்வளவுதான். திரும்பி வரும்போது ரயிலில் அம்மா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அழுதா. அண்ணா அப்பாவின் மடியில் தலையை வைத்து நித்திரை. நான் எதிர் ஆசனத்தில் இருந்து அவனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவன் இல்லாவிட்டால் நாங்கள் பிளேனில் ஏறியிருப்போம் என்று நினைத்தேன். எட்டு வயதுப் பிள்ளை நினைத்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்டு என்ன. ஆனால் நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அங்கே இருந்தோம். யுத்தம் நடந்த அந்த ஆறு வருடம் அந்த ஊரில் எப்படி இருந்தது என்று எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சொந்தக்காரர் எல்லோரும் அப்பாவைத்தான் குறை சொன்னார்கள். ஒரு முட்டாள் பிள்ளைக்காக நல்ல பிள்ளையின் வாழ்க்கையையும் கெடுக்கிறான் என்று பெரியம்மா ஒருநாள் என் முன்னாலேயே சொன்னா. அப்பா அடுத்த நாளும் டிப்போவுக்குப் போனார். பஸ்கள் எரிந்துபோனபோதும், மிஞ்சியிருந்த பஸ்களை ஓட வைப்பதற்காகப் போனார்.

கடைசியில் இரண்டாவது தடவை, அண்ணாவையும் ஏற்றுக்கொண்ட அகதி விசாவில், நான்கு பேரும் வந்து இறங்கினோம். அப்பாவுக்கு நாற்பத்தொன்பது வயது. அண்ணாவுக்குப் பதினேழு. எனக்குப் பதினான்கு.

*

கிளேட்டனில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு எடுத்தோம். பிறகு அதே தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். அப்பாவுக்கு மெக்கானிக் வேலை கிடைக்கவில்லை. இங்கே சேர்ட்டிபிக்கற் வேண்டும், அதற்கு இங்கிலீஷ் வேண்டும். மல்கிரேவில் மாப் பிசைந்து பாண் சுடுகிற ஒரு பக்டரியில் சேர்ந்தார். முதலில் தட்டு அடுக்கினார், பிறகு பாண் வெட்டுகிற மெஷினில் நின்றார். ஒருநாள் மெஷின் நின்றுபோய், கொம்பனி ஆள் வரப் பிந்தியபோது, அப்பா கழற்றிப் பூட்டி ஓட வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மெஷின் நின்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். சம்பளமும் பதவியும் தட்டு அடுக்குகிறவருக்கு உரியதாகவே கடைசிவரை இருந்தன. அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அதைக் குறையாகச் சொன்னவள் நான்.

பதினாறு வருடம் அவர் விடியக்காலை வேலையைத்தான் கேட்டு எடுத்தார். மற்றவர்கள் நல்ல வேலை நேரத்துக்குச் சண்டை பிடிப்பார்கள், இவர் யாருக்கும் பிடிக்காத நேரத்தைக் கேட்பார். இரண்டு மணிக்கு வேலை முடியும். மூன்றே காலுக்கு அண்ணாவின் வான் வரும். முதலில் பள்ளிக்கூட வான், பிறகு அவனைப் போன்றவர்கள் பகலில் போகிற நிலையத்தின் வான். அப்பா மூன்று மணிக்கே வாசல் படலையில் நிற்பார். மழையென்றால் குடையோடு. வான் சாரதிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் அப்பாவைத் தெரியும்.

வீட்டுக்குள் வந்ததும் அண்ணாவுக்கு முகம் கழுவிவிடுவார். தேத்தண்ணியும் பாணும் கொடுப்பார். பக்டரியில் இருந்து ஓரம் உடைந்த பாண்களைக் கொண்டுவருவார், விற்க முடியாதவை. அண்ணா சீனி தொட்டுத் தின்பான். "இன்னும்" என்பான். அப்பா இன்னொரு துண்டு வெட்டுவார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து குசினி வாசலில் பையைப் போட்டுவிட்டு நிற்பேன். "பசிக்குதோ பிள்ளை?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அண்ணாவின் வாயைத் துடைப்பார்.

பல்கலைக்கழகப் பட்டமளிப்பு அன்று எனக்கு நான்கு இடம் கொடுத்தார்கள். அம்மாவும் மாமாவும் மாமியும் வந்தார்கள். அண்ணாவுக்குத் தடிமன். அப்பா வரவில்லை. மாலையில் நான் அந்தக் கறுப்பு உடுப்போடு வீட்டுக்குள் வந்தபோது அவர் அண்ணாவின் நெஞ்சுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தார். எழும்பி, கையைத் துடைத்துவிட்டு, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வடிவா இருக்கு," என்றார்.

"நீங்கள் வந்திருக்கலாம். ஒரு மூண்டு மணித்தியாலம். பக்கத்து வீட்டு அன்ரியிட்ட விட்டிருக்கலாம்."

"அவனுக்குக் காய்ச்சலும் எல்லே."

"எப்பவும் அவனுக்கு ஏதாவது இருக்கும்," என்று சொல்லிவிட்டு நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் வந்து தட்டவில்லை. தட்டுவார் என்று நான் காத்திருந்தேன்.

அடுத்த வருடங்களில் சிட்னியில் வேலை கிடைத்தது. மெல்பேர்னிலும் கிடைத்தது. நான் சிட்னியை எடுத்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். கலியாணம் முடித்து, கிரவீனில் வீடு வாங்கி, ஒரு மகள் பிறந்தாள். அண்ணா அந்த வீட்டுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. பிளேனில் ஏற மாட்டான். காரில் ஒன்பது பத்து மணித்தியாலம் அவனால் இருக்க ஏலாது. அப்பா அதனாலேயே வந்ததில்லை.

*

எனக்கு முப்பத்தொரு வயதில் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. எட்டு மாதம். கடைசியாக நான் போயிருந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

"அப்பாக்குப் பிறகு நீதான். ஓம் எண்டு சொல்லு."

நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்வது. அப்பா கட்டிலுக்கு மற்றப் பக்கம் நின்றார். அம்மா சொன்னதைக் கேட்டார். நான் சொன்னதையும் கேட்டார். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் என்னோடு பேசியதில்லை.

அம்மா இறந்து, எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த கிழமையே அவர் பக்டரி வேலையை விட்டார். அடுத்த பதினைந்து வருடம் அவரும் அண்ணாவும் அந்த வீட்டில் தனியே இருந்தார்கள். அப்பா சமைக்கப் பழகினார். அவருடைய புட்டு கல்லுக் கல்லாக இருக்கும், அண்ணா அதைத்தான் தின்பான். காலையில் குளிக்க வார்த்து, துவாயால் துடைத்து, குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவனை இருத்திச் சேவ் எடுப்பார். அந்த நேரம் மட்டும் அண்ணா ஆடாமல் அசையாமல் இருப்பான். கண்ணை மூடிக்கொண்டு, நாடியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு. அப்பா தன் நாக்கைக் கன்னத்துக்குள் தள்ளிக் காட்டுவார், அவனும் அப்படியே தள்ளுவான். பிறகு ஒரு கன்னத்தைத் தட்டி, "மாப்பிளை ரெடி," என்பார். அண்ணா சிரிப்பான். நாற்பது வயது கடந்த ஒரு மனுசன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

நான் வருடத்தில் இரண்டு தடவை போவேன். போன இரண்டாம் நாளே எப்போது வெளிக்கிடலாம் என்று இருக்கும். அப்பா எழுபது, எழுபத்தைந்து, எண்பது என்று போய்க்கொண்டிருந்தார். மாமா சில வேளைகளில் போன் எடுத்து, "கொப்பருக்குப் பிறகு என்ன செய்யப்போறியள்?" என்று கேட்பார். பார்ப்போம் என்பேன். அண்ணாவுக்கு இதயத்தில் கொஞ்சம் பழுது இருந்தது. அவன் முதலில் போய்விடுவான் என்று நாங்கள் எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருந்தோம், வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா மட்டும் ஒருநாள் சொன்னார். போனில், மிகச் சாதாரணமாக.

"அவனை அனுப்பிப்போட்டு நான் போகவேணும். அதுக்கு மட்டும் இருந்தால் காணும்."

*

எண்பத்தொரு வயதில் விழுந்தார். குளியலறையில், அண்ணாவைக் குளிப்பாட்டி முடிக்கிற நேரம். அண்ணா எழும்பும்போது அப்பாவின் தோளைப் பிடித்திருக்கிறான். இரண்டு பேரும் சறுக்கினார்கள். அண்ணாவுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. காலை ஏழு மணி. போன் குசினியில். அண்ணாவுக்குப் போனை எடுத்துக் கொடுக்கத் தெரியாது. அவன் உடுப்பில்லாமல் அப்பாவுக்குப் பக்கத்தில் ஈர நிலத்தில் இருந்திருக்கிறான். எட்டரைக்கு வான் வந்து ஹோன் அடித்து, யாரும் வராததால் சாரதி இறங்கிப் பின்பக்கம் போய்க் கூப்பிட்டிருக்கிறார். குளியலறை யன்னலுக்குள்ளால் அப்பாவின் குரல் கேட்டிருக்கிறது. முதலில் அவர் சொன்னது, அண்ணாவுக்குக் குளிர்கிறது, துவாய் எடுத்துப் போர்த்து விடு என்பதுதானாம்.

நான் அன்று பின்னேரமே பறந்து போனேன். ஒப்பரேஷன் முடிந்து பத்து நாளில் ஆஸ்பத்திரிச் சமூக சேவையாளர் ஒருவர் எங்களை இருத்திப் பேசினார். இளம் பெண், மிகவும் தன்மையானவர். அப்பா இனி வீட்டில் தனியே இருக்க முடியாது. இன்னொருவரைப் பராமரிக்கவே முடியாது. அப்பாவுக்கு முதியோர் இல்லம். அண்ணாவுக்கு, அவனைப் போன்ற நான்கு பேர் வேலையாட்களோடு சேர்ந்து இருக்கிற ஒரு வீடு, மல்கிரேவில். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பி, குடும்பத்தில் வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார்.

நான் அப்பாவுக்காக அதைத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார் மட்டும்தான். நான் என் வீட்டைப் பற்றி யோசித்தேன். மூன்று அறை. மாமியார் ஒன்றில். மகளுக்குப் பரீட்சை வருடம். குளியலறையில் அண்ணாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நான் நிற்பதை யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளுக்கு யோசிக்க முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

அப்பாதான் கடைசியில் பேசினார்.

"உனக்கு உன்ர குடும்பம் இருக்குப் பிள்ளை. அவையள் சொல்லுற மாதிரிச் செய்வம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார், என்ன சொன்னார் என்று கேட்கிற மாதிரி. "ஹி அக்ரீஸ்," என்றேன்.

அண்ணாவை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். உடுப்புகளுக்கெல்லாம் பெயர் எழுதி, அவன் என்ன தின்பான், எதற்குப் பயப்படுவான் என்று இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அவன் சொல்லுகிற சொற்களையும் கருத்தோடு எழுதினேன். 'இன்னும்' என்றால் மோர். 'சுடுது' என்றால் ஹொட். நான் கார்க் கதவைத் திறக்கும்போது அவன் படலையில் நின்று, "வீடு," என்றான். அதுவரை அவன் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா எப்போதாவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

*

முதியோர் இல்லம் கிளேட்டனில். அந்தச் செலவுக்கு எங்கள் வீட்டை விற்றோம். அண்ணாவின் வீட்டுக்குக் காரில் பத்து நிமிடம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புதன்கிழமை அண்ணாவைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. புதன்கிழமைகளில் அப்பா காலையிலேயே தோய்த்து வெளுத்த சேர்ட் போட்டுக்கொண்டு வாசல் மண்டபத்தில் இருப்பார் என்று அங்கே வேலை செய்கிற பெண் சொன்னா. பாதிக்குப் பாதி நாட்கள் வர மாட்டார்கள். ஆள் இல்லை, வான் இல்லை, மற்றவர்களில் ஒருவருக்குச் சுகமில்லை. போனில் சொறி சொல்லுவார்கள். அப்பா, "இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே," என்பாராம்.

வரும் நாட்களில் அவர் கவனித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னிடம் போனில் சொன்னார்:

"இப்ப அவன் 'மோர்' எண்டு சொல்லுறான்."

"நல்லதுதானே அப்பா. அங்க விளங்கவேணுமே."

"ஓம். இங்கிலீஷ் படிச்சிட்டான்," என்று சிரித்தார். பிறகு, "அப்பா எண்டு சொல்லேல்லை," என்றார்.

எண்பத்து மூன்று வயதில் ஒருநாள் அப்பா யாருக்கும் சொல்லாமல் ரக்சி பிடித்து அண்ணாவிடம் போனார். நடைவண்டியின் கூடைக்குள் சேவ் சாமானும் ஒரு சீப்பு வாழைப்பழமும். பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். அண்ணா பகல் நிலையத்துக்குப் போய்விட்டான். வீட்டில் நின்ற வேலையாள் புதியவர். முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். அப்பாவுக்கு அவரோடு வாதாட இங்கிலீஷ் போதாது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பில் ஒரு வாங்கு இருந்தது. அங்கே போய் இருந்தார். நான்கு மணித்தியாலம். மூன்றே காலுக்கு வான் வந்தது.

அண்ணா இறங்கி அவரைக் கண்டுவிட்டான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் தெருவுக்குக் குறுக்கே ஓடினான். ஒரு கார் பிறேக் போட்டு நின்றது. வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தான். வேலையாட்கள் கூப்பிட்டும் எழும்பவில்லை. அப்பா வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். தின்றான். நாடியைத் தூக்கிக் கொடுத்தானாம். அப்பா அந்த நட்டநடுத் தெருவில் என்ன செய்வார். தடவிவிட்டிருக்கிறார்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு இரண்டு பேர் வந்து அண்ணாவைக் கைப்பிடித்து எழுப்பினார்கள். அவன் ஒருவரைக் கடித்துவிட்டான். கீழே விழுந்து உருண்டு கத்தினான். அப்பா எழும்ப முயன்று நடைவண்டியோடு சரிந்தார். கடைசியில் இன்னும் இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. அண்ணாவுக்கு ஊசி போட்டார்கள்.

ஒரு கிழமையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அண்ணா அமைதியாகும்வரை ஆறு கிழமைக்குச் சந்திப்புகளை நிறுத்தி வைப்பது நல்லது என்று எழுதியிருந்தார்கள். மருந்தும் கூட்டப்பட்டிருந்தது. நான் கோபமாகப் பதில் எழுதினேன், எழுதிய பிறகு கொஞ்சம் மாற்றி அனுப்பினேன். ஆறு கிழமை முடிந்ததும் மெல்பேர்னுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன், நாளைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன் என்று.

அவர் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். மேசையில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"நான் வரேல்லை," என்றார்.

"ஏன் அப்பா?"

"நான் போனால் அவனுக்குத்தான் கஷ்டம். என்னைக் கண்டால் வீட்டை போகலாம் எண்டு நினைக்கிறான். கூட்டிக்கொண்டு போக என்னட்டை வீடு இல்லை." தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நான் இல்லாமல் அவன் இருக்கத்தானே வேணும். இப்பவே பழகட்டும்."

"அவன் உங்களைத் தேடுவான் அப்பா."

"தேடுவான். பிறகு தேடமாட்டான்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அம்மாவை, எங்களை, ஒரு முழு நாட்டையே ஆறு வருடம் காக்க வைத்துவிட்டு இந்தப் பிள்ளையை விட மாட்டேன் என்று நின்ற மனுசன். நான் அவரை விளங்கிக்கொள்ள முயன்றேன், இப்போதும் முயல்கிறேன். அது அன்பா, களைப்பா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். பத்து நிமிடத் தூரத்தில் இருந்த மகனை அவர் பிறகு பார்க்கவில்லை.

"நீ பாத்திட்டு வந்து சொல்லு," என்பார். நான் போய்ப் பார்ப்பேன். மருந்தில் அண்ணா ஊதிப்போயிருந்தான். ரீவிக்கு முன்னால் வாயைத் திறந்தபடி இருப்பான். தாடி கண்டபடி வளர்ந்திருக்கும், யாரையும் கன்னத்தில் தொட விடுவதில்லை என்றார்கள். 'மோர்' என்பதும் நின்றுபோயிருந்தது. நான், "அண்ணா, தங்கை வந்திருக்கிறன்," என்பேன். ரீவியைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் காருக்குள் வந்திருந்து முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு அப்பாவிடம் போவேன்.

"எப்பிடி இருக்கிறான்?"

"நல்லா இருக்கிறான் அப்பா. சிரிச்சவன்."

"சாப்பிடுறானோ?"

"ஓம்."

"சேவ் எடுத்திருந்தவனோ?"

"ஓம் அப்பா. வடிவா எடுத்திருந்தவை."

அவர் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு தலையாட்டுவார். நம்பினாரோ தெரியாது. ஒருதடவைகூட அதற்கு மேல் கேட்கவில்லை.

*

போன குளிர்காலத்தில் அப்பாவுக்கு நியூமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் ஏழு நாள். நான் கூட இருந்தேன். அவர் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. ஒருமுறை டிப்போவில் தன்னோடு வேலை செய்த ஒருவரின் பெயரைச் சொல்லி, நட்டுக் கழற்றுகிற பாணா எங்கே வைத்தாய் என்று கேட்டார். இங்கே இல்லை அப்பா என்றேன். சரி என்றார். ஏழாம் நாள் மதியம், கார் விட்ட இடத்தில் நேரம் முடிகிறது என்று மாற்றி விடப் போனேன். இருபது நிமிடம். திரும்பி வந்தபோது தாதி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றா.

செத்தவீட்டுக்கு அண்ணாவைக் கூட்டிவருவதா என்று அவன் இருக்கிற வீட்டில் இருந்து கேட்டார்கள். அவன் குழம்பக்கூடும், இரண்டு வேலையாட்கள் தேவைப்படும், முடிவு உங்களுடையது என்றார்கள். நான் ஒரு இரவு யோசித்தேன். மண்டபம் நிறையச் சனம், பெட்டிக்கு முன்னால் அவன் விழுந்து உருண்டால் என்ன செய்வது. வேண்டாம் என்று சொன்னேன். கொள்ளி வைக்க மகன் இருக்க, மாமாவின் மகன் வைத்தான். மகன் இல்லையோ என்று ஐயர் கேட்டபோது மாமா, "வரேலாது," என்றார். அவ்வளவோடு அந்தப் பேச்சு முடிந்தது. வந்தவர்கள் அப்பாவைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்கள். கடும் உழைப்பாளி, பிள்ளைக்காகவே வாழ்ந்தவர் என்றார்கள். பக்டரியில் கூட வேலை செய்த ஒரு கிரேக்கக் கிழவர் வந்திருந்தார். அப்பா இல்லாவிட்டால் அந்த மெஷின் ஓடியிருக்காது என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

அண்ணாவுக்குப் படங்கள் போட்ட ஒரு அட்டையைக் காட்டி விளங்கப்படுத்தியதாகப் பிறகு சொன்னார்கள். அப்பாவின் படம், பிறகு ஒரு பூவின் படம். அவன் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டானாம். விளங்கியதோ என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அங்கே இருந்து படிவம் ஒன்று வந்தது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்கள். முன்பு அப்பாவின் பெயர் முதலில் இருந்தது, என் பெயர் இரண்டாவதாக. இப்போது முதலாவதில் என் பெயரை எழுதினேன். என் கணவருக்கு இதயச் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதம்தான். மாமாவுக்கு எழுபத்தெட்டு. மகள் குசினி மேசையில் லப்ரொப்போடு இருந்தாள். இருபத்தொரு வயது, நல்ல பிள்ளை. படிவத்தை அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இரண்டாவதாக உன்ர பேரைப் போடட்டோ?"

அவள் வாசித்தாள். கனநேரம் எடுத்து வாசித்தாள். தன் மாமாவான அண்ணாவை அவள் வாழ்க்கையில் நான்கைந்து தடவைதான் கண்டிருக்கிறாள். நான் அவளைக் கூட்டிப்போகாமலே வளர்த்தேன்.

"ஐ காண்ட், அம்மா," என்றாள். "ஐம் சொறி."

அவள் அழத் தொடங்கிவிட்டாள். பரவாயில்லை பிள்ளை என்று தலையைத் தடவிவிட்டேன். அவளிடம் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. இரண்டாவது வரியை வெறுமையாக விட்டு, கையெழுத்துப் போட்டு, அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போட்டேன்.